ஒரு சிப்பாய், மூன்று பெயர்கள், 68,000 யென்

1974 டிசம்பர் 18 அன்று இந்தோனேசியாவின் மொரோத்தாய் தீவில், காட்டுக்குள் இருந்த ஒரு குடிசையைச் சிப்பாய்கள் நெருங்கினார்கள். வேலி அடைத்த சின்னக் கொல்லை, உள்ளே பயிர், நடுவில் ஒற்றை ஆள். அவர் மிரண்டுவிடக் கூடாது என்று வந்தவர்கள் ஜப்பானியக் கொடியை ஆட்டிக்கொண்டு, ஜப்பானிய தேசிய கீதத்தைப் பாடிக்கொண்டே போனார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து 29 வருடங்கள் ஆகியிருந்தன. பிடிபட்டவர் அந்த யுத்தத்தோடு ஊர் திரும்பாமல் காட்டிலேயே தங்கிவிட்ட ஜப்பானியப் படைச் சிப்பாய், வயது 55.

பெயர் நகமுரா தெருவோ என்று செய்தி போனது. ஜப்பானுக்கு இது பழகிப்போன கதை. 1972ல் குவாம் தீவிலிருந்து யோகோய், 1974 மார்ச்சில் பிலிப்பைன்ஸின் லுபாங் தீவிலிருந்து ஓனோதா என்று இரண்டு பேர் ஏற்கெனவே திரும்பிவந்து, ஊரே திரண்டு வரவேற்றிருந்தது. மூன்றாவது ஆளுக்கும் மாலை தயாராகும் நேரத்தில்தான் பதிவேட்டைப் புரட்டினார்கள். இந்த நகமுரா ஜப்பானியர் இல்லை. தைவானின் கிழக்குக் கரையில், தாய்துங் பக்கம் பிறந்த அமிஸ் பழங்குடி. வீட்டில் வைத்த பெயர் அத்துன் பலாலின். தைவானின் குடிப்பதிவேட்டிலோ அவர் லீ குவாங்ஹுய். அவர் காட்டில் இருந்தபோதே ஒரு சீனப் பெயரை எழுதிவைத்திருந்தார்கள். அப்படி ஒரு பெயர் தனக்கு இருப்பது அவருக்கே ஊர் திரும்பும்போதுதான் தெரிந்தது.

தைவான் பழங்குடிச் சிப்பாய்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் ஒரே கேள்விக்குத்தான் போகிறார்கள். அவர்கள் ஜப்பானை நம்பிப் போனார்களா, கட்டாயப்படுத்திக் கொண்டுபோனார்களா? மனதுக்குள் இருந்ததை 80 வருடம் கழித்துத் தோண்டி எடுப்பதைவிட, காகிதத்தில் இருப்பதைப் படிப்பது பலன் தரும் என்பது என் கருத்து. யாருடைய பெயர் எந்தப் பதிவேட்டில், எந்தக் கட்டத்தில், எந்தத் தேதியில் ஏறியது என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

1895ல் ஷிமோனோசெகி ஒப்பந்தப்படி சீனத்தின் சிங் அரசு தைவானை ஜப்பானுக்குக் கொடுத்தது. கிடைத்த தீவில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஜப்பானியர் கணக்கெடுத்தபோது, குடிப்பதிவேட்டில் இனத்துக்கென்று ஒரு கட்டம் போட்டார்கள். அந்தக் கட்டத்தில் ஒற்றைச் சீன எழுத்துதான் வரும். ஃபூஜியனிலிருந்து வந்த சீனருக்கு ஒன்று, குவாங்துங் வழி வந்தவருக்கு ஒன்று. சமவெளியில் சீனரோடு கலந்துபோன பழங்குடிகளுக்கு ‘வெந்தது’ என்று பொருள்படும் எழுத்து. மலையிலும் கிழக்கிலும் இருந்தவர்களுக்கு ‘பச்சை’, அதாவது வேகாதது. சோற்றைச் சொல்வதுபோல மனிதரைச் சொன்ன இந்தப் பாகுபாடு ஜப்பானியர் கண்டுபிடித்தது அல்ல, சிங் காலத்துச் சரக்கு. ஜப்பானியர் செய்தது அதை அச்சடித்த படிவத்தில் ஏற்றியது.

1935ல் ‘பச்சைக் காட்டுமிராண்டி’ என்ற சொல்லை அதிகாரபூர்வமாக எடுத்துவிட்டு ‘தகாசாகோ இனம்’ என்று மாற்றினார்கள். தகாசாகோ என்பது தைவானுக்கு ஜப்பானில் வழங்கிய பழைய பெயர்களில் ஒன்று. கேட்க அழகாக இருக்கும். ஆனால் அமிஸ், அட்டயால், பைவான், புனுன், ருகாய், பூயூமா, சௌ, சைசியாத், தாவ் என்று மொழியும் முறையும் வேறுவேறான மக்களை ஒரே சொல்லில் அடைத்த வேலையும் அதுதான். அமிஸ்காரர் பேசுவது அட்டயாலுக்குப் புரியாது. தாவ் மக்கள் ஆர்க்கிட் தீவில் பறவை மீன் பிடிப்பவர்கள். அவர்களுக்கு மலைக்காடு என்பது பக்கத்து நாடு மாதிரி. இந்த ஒரு சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் போர்க்களத்தில் இதே சொல்தான் படைப்பிரிவின் பெயராகிறது.

மலைப்பகுதியில் அரசாங்கம் என்றால் போலீஸ்தான். வரி, வழக்கு, வைத்தியம், பள்ளிக்கூடம் எல்லாமே போலீஸ் சாவடியில். பிள்ளைகளுக்கு ஜப்பானிய எழுத்து சொல்லிக்கொடுத்தவர் இடுப்பில் வாள் கட்டிய காவலர். குடிப்பதிவேடும் அவர் மேசையில். 1910 முதல் 1914 வரை ஆளுநர் சகுமா சமாத்தா நடத்திய ‘ஐந்தாண்டுத் திட்டம்’ மலைவாசிகளின் துப்பாக்கிகளைப் பறித்திருந்தது. கடைசியில் த்ருக்கு மக்கள் மேல் பெரும்படையே போனது. தலை வெட்டும் வழக்கமும் முகத்தில் பச்சை குத்துவதும் தடை செய்யப்பட்டன. அட்டயால், சேதிக் மக்களில் முகத்தில் பச்சை இல்லாதவன் ஆண்மகன் கணக்கில் வரமாட்டான். செத்தபின் முன்னோரிடம் போகும் வானவில் பாலத்தைக் கடக்கவும் முடியாது. ஒரு தலைமுறை இளைஞர்களுக்கு அந்த வழி அடைபட்டுப் போயிற்று. 1942ல் போர் வந்து வேறொரு வழியைத் திறந்துவிட்டது என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்வதில் பொருள் இருக்கிறது.

அதற்கு முன்னால் 1930 வருகிறது. அக்டோபர் 27, வூஷே ஊர்ப் பள்ளியின் விளையாட்டு விழா. மோனா ருதாவ் தலைமையில் சேதிக் ஊர்கள் ஆறு சேர்ந்து தாக்கியதில் 134 ஜப்பானியர் இறந்தார்கள். சீனர்களைத் தொடக்கூடாது என்பது பேச்சு. அப்படியும் இரண்டு சீன வம்சத்தவர் இறந்தார்கள்; ஒருவர் ஜப்பானிய உடுப்பில் இருந்ததுதான் காரணம். உடுப்பைப் பார்த்து ஆளை முடிவு செய்த நாள் அது.

அன்று நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் ஹனாவோகா இச்சிரோவும் ஹனாவோகா ஜிரோவும். பெயரைப் பார்த்தால் அண்ணன் தம்பி என்று தோன்றும்: இச்சிரோ என்றால் மூத்தவன், ஜிரோ என்றால் அடுத்தவன். உண்மையில் இருவரும் உடன்பிறந்தவர்களே அல்ல. ஒருவர் தக்கிஸ் நோபிங், இன்னொருவர் தக்கிஸ் நாவி. படிக்கவைத்து, போலீஸ் வேலை கொடுத்து, ‘நாகரிகமடைந்த பழங்குடி’ என்று காட்டுவதற்காக ஒரே குடும்பப் பெயரை ஒட்டிவிட்டார்கள். கலகம் வெடித்தபின் இருவரும் குடும்பத்தோடு காட்டுக்குப் போய் உயிரை விட்டார்கள். இச்சிரோ ஜப்பானிய முறையில் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். ஜிரோ சேதிக் வழக்கப்படி மரத்தில் தூக்கு மாட்டிக்கொண்டார். தேசிய அடையாளம் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் இந்த இரண்டு சாவுகளிடம் வந்து நிற்பதில் வியப்பில்லை.

ஜப்பான் பீரங்கியும் விமானமும் கொண்டுவந்தது. கூடவே அக்கம்பக்கத்து தோடா, த்ருக்கு ஊர்களின் ஆட்களையும் தலைக்குப் பரிசு என்று சொல்லி ஏவிவிட்டது. அடுத்த ஏப்ரலில் சரணடைந்தவர்களின் முகாம்களைத் தோடா ஆட்கள் தாக்கி 200 பேருக்கு மேல் கொன்றார்கள். மிஞ்சிய 298 பேரை 1931 மே மாதம் கவனகாஜிமா என்ற இடத்துக்குப் பெயர்த்துக் குடிவைத்தார்கள். ‘பழங்குடிகள் ஜப்பானை எதிர்த்தார்கள்’ என்ற வாக்கியமும் ‘பழங்குடிகள் ஜப்பானோடு நின்றார்கள்’ என்ற வாக்கியமும் ஒரே பள்ளத்தாக்கில், ஒரே வருடத்தில் உண்மை.

பதினொரு பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கவனகாஜிமாவிலிருந்தே இளைஞர்கள் தகாசாகோ படைக்கு மனுப் போட்டார்கள். இதைப் படித்துவிட்டு ‘மூளைச்சலவை’ என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. கலகக்காரர் ஊர் என்ற முத்திரை விழுந்த ஊரில், பதிவேடு வைத்திருக்கும் போலீஸ்காரர் வந்து ‘உன் வீட்டிலிருந்து யார்?’ என்று கேட்டால், சும்மா இருப்பதும் ஒரு பதில்தானே.

மனுப் போடும் விதம் இது. ஊரின் இளைஞர் சங்கத்தைக் கூட்டுவார்கள். சங்கம் போலீஸ் பொறுப்பில். விருப்பமுள்ளவர் கை தூக்க வேண்டும். ஆர்வம் அதிகம் என்று காட்ட விரும்பியவர்கள் விரலைக் கீறி ரத்தத்தில் விண்ணப்பம் எழுதினார்கள். ஒருவன் எழுதினால் பக்கத்தில் நிற்பவனுக்கு எழுதாமல் இருக்க முகமில்லை. 1938ல் போருக்கு அழைக்கப்பட்ட தன் போலீஸ் ஆசிரியரின் மூட்டையைச் சுமந்துபோன சயுன் என்ற அட்டயால் பெண் வெள்ளத்தில் விழுந்து இறந்தாள். அதை நாட்டுப்பற்றுக் கதையாக்கி, 1941ல் ஆளுநர் ஹசேகவா ஊருக்கு ஒரு மணி பரிசளித்து, பாட்டும் படமும் எடுத்துத் தீவெங்கும் காட்டினார்கள். அவள் செய்தது, கிட்டத்தட்ட, கூலி வேலை. 1942ல் தரைப்படைத் தொண்டர் திட்டம் வந்தபோது ஆயிரம் இடத்துக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட தைவான்காரர்கள் விண்ணப்பித்ததாகக் கணக்கு. விண்ணப்பங்களின் எண்ணிக்கையை வைத்து விசுவாசத்தை அளப்பவர்கள் அந்த எண்ணை எப்படி ஏற்றினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1942 மார்ச்சில் முதல் 500 பேர் பிலிப்பைன்ஸுக்குக் கப்பல் ஏறினார்கள். படான் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அங்கே தளபதி ஹொம்மா மசஹாரு அதற்கு முன் தைவான் படையின் தளபதியாக இருந்தவர். மலைவாசிகள் காட்டில் என்ன செய்வார்கள் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம். போனவர்கள் சிப்பாய்கள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காகிதத்தில் அவர்கள் ‘குன்சோகு’, அதாவது படையோடு போகும் ஊழியர். பாதை வெட்டுவது, பாலம் போடுவது, அரிசி சுமப்பது. ஜப்பானியப் படையில் மதிப்பு வரிசை பற்றி ஒரு கசப்பான பேச்சு வழக்கு இருந்தது: படையாள், படைக்குதிரை, படைநாய், படைப்புறா, அதற்கப்புறம் குன்சோகு. இந்த ஒரு சொல் 45 வருடம் கழித்துப் பண விஷயத்தில் எப்படிக் கடிக்கிறது என்பதைக் கீழே பார்ப்போம்.

கையில் துப்பாக்கி இல்லை. இடுப்பில் சொந்தக் கத்தி இருந்தது. தைவான் மலைக்கத்தியின் உறை பார்க்க விநோதமாக இருக்கும். ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்வார்கள். ஒரு பக்கம்தான் மரம், மறுபக்கம் திறந்திருக்கும், கம்பியோ தகடோ குறுக்கே போட்டிருக்கும். அலகு வெளியே தெரியும். மழைக்காட்டில் இது ஒன்றும் அலங்காரம் இல்லை. உள்ளே போன தண்ணீரும் சேறும் தானாக வடிந்துவிடும், அலகில் ஈரம் தங்காது. ஒரு அலகை வைத்து முள் வெட்டி, பன்றி அறுத்து, கிழங்கு தோண்டி, குடிசை கட்டலாம். ஜப்பானிய அதிகாரியின் இடுப்பில் தொங்கும் வாளால் இதில் ஒன்றும் ஆகாது.

1942 ஜூலையில் நியூகினியின் வடகரையில் ஜப்பான் இறங்கி, கோகோதா பாதை வழியாக மலையைத் தாண்டி மோர்ஸ்பி துறைமுகத்தைப் பிடிக்கப் பார்த்தது. வண்டி போகாத பாதை. ஒவ்வொரு அரிசி மணியும் ஆள் முதுகில்தான் போக வேண்டும். இதில் ஒரு கணக்குச் சிக்கல் இருக்கிறது: சுமப்பவனும் தின்ன வேண்டும். பாதை நீள நீள, அவன் சுமப்பதில் அவன் தின்பது பெருகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் முன்வரிசைக்கு ஒன்றும் மிஞ்சாது. மோர்ஸ்பி கண்ணுக்கு எட்டும் தூரம் வரை போன படை திரும்பி நடந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். வடகரையில் கோனா 1942 டிசம்பரிலும் பூனா 1943 ஜனவரியிலும் விழுந்துவிட்டன.

இந்தப் பின்வாங்கலில்தான் தகாசாகோ ஆட்களின் பெயர் ஏறியது. வெறுங்காலில் ஓசையில்லாமல் நடப்பார்கள், இரவில் வழி தவறமாட்டார்கள், கண்ணி வைத்துப் பன்றி பிடிப்பார்கள், தின்னத்தக்க தண்டு எது, தொண்டையை அரிக்கும் கிழங்கு எது என்று பிரித்துச் சொல்வார்கள். உயிர் தப்பிய ஜப்பானிய அதிகாரிகள் பின்னாளில் இதை நெகிழ்ந்து எழுதினார்கள். திரும்பத் திரும்ப வரும் ஒரு கதை: அரிசி மூட்டையைச் சுமந்துபோன தகாசாகோ ஆள் ஒருவர், அதில் ஒரு பிடிகூட எடுக்காமல், மூட்டையோடு பட்டினியால் இறந்து கிடந்தார். நடந்திருக்கலாம். ஆனால் இந்தக் கதையை யார் சொல்கிறார்கள், யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று பார்த்தால் எனக்கு நெருடுகிறது. எஜமானின் அரிசியைத் தொடாமல் சாகும் வேலைக்காரன் எஜமானின் கதைகளில்தான் அதிகம் வருவான். ‘காடு அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது’ என்ற பாராட்டும் அந்த வகைதான். அத்துன் பலாலினின் அமிஸ் மக்கள் பெரும்பாலும் கரையோரச் சமவெளியில் உழுது, மீன் பிடித்து வாழ்ந்தவர்கள்.

போர் மோசமாக மோசமாக, துப்பாக்கியைப் பறித்த அரசே துப்பாக்கியைக் கொடுத்தது. உளவுக்கும் மறைபோருக்கும் ஆள் தயாரித்த நகானோ பள்ளியின் அதிகாரிகள் தலைமையில் ஊடுருவல் குழுக்கள் அமைந்தன. 1944 நவம்பர் இறுதியில் லேய்த்தே தீவின் அமெரிக்க விமானத் தளங்கள் மேல் நான்கு விமானங்களை வயிற்றால் தரையிறக்கி, உள்ளே இருப்பவர்கள் குண்டு வைக்க வேண்டும் என்று ஒரு திட்டம். கவோரு பிரிவு என்று பெயர். அதில் ஏறியவர்களில் பெரும்பாலோர் தகாசாகோ ஆட்கள். திரும்பிவரும் ஏற்பாடு அந்தத் திட்டத்தில் இல்லை.

எத்தனை பேர் போனார்கள்? 1,800 முதல் 5,000 வரை மதிப்பீடுகள் உண்டு. 4,000 சொச்சம் என்று வைத்துக்கொள்பவர்கள் அதிகம். இடைவெளி இவ்வளவு இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. தகாசாகோ படை என்ற பெயரில் ஏழெட்டு தவணையாக 1942 முதல் 1944 வரை ஆட்கள் போனார்கள். அதற்கு வெளியே தரைப்படைத் தொண்டர்களாகவும் கடற்படை ஊழியர்களாகவும் வேறு சிலர் போனார்கள். அத்துன் பலாலின் 1943 நவம்பரில் சேர்ந்தது தொண்டராக. ஒரு கணக்கு இவர்களைச் சேர்க்கும், இன்னொன்று விட்டுவிடும். ஜப்பானின் சுகாதார அமைச்சகம் 1973ல் கொடுத்த கணக்கில் தைவானிலிருந்து மொத்தம் 2,07,183 பேர், இறந்தவர் 30,304. மலைவாசிகளுக்கு அதில் தனிக் கட்டம் இல்லை. எல்லோருக்கும் ஜப்பானியப் பெயர் வைத்தபின் யார் அமிஸ், யார் சீனர் என்று பட்டியலைப் பார்த்துப் பிரிக்க முடியாது. அப்போது மலைவாசிகளின் மொத்த ஜனத்தொகையே ஒன்றரை லட்சம் சொச்சம். அதில் 4,000 இளைஞர்கள் என்றால் பல ஊர்களில் வாலிபர் வரிசையே காலி.

முரண்பாடாக, இந்தப் படைதான் அவர்களை ஒன்றாக்கியது. அட்டயாலும் பைவானும் பேசிக்கொள்ள இருந்த ஒரே பொதுமொழி போலீஸ் பள்ளியில் கற்ற ஜப்பானியம். ‘நாங்கள் தகாசாகோ’ என்று ஒரே குரலில் சொன்ன முதல் இடங்களில் இந்தப் படை முகாம்கள் சேர்த்தி. பிறகு 1984ல் ‘நாங்கள் ஆதிகுடிகள்’ என்று சங்கம் வைத்துப் போராடிய பேரப்பிள்ளைகளின் ஒற்றுமைக்கு வேர் எங்கே என்று தேடினால் ஒரு கிளை இங்கே வந்து சேரும். யீலான் மாவட்டத்தில், சயுன் ஊர் இருக்கும் பக்கத்தில், ஜப்பானியமும் அட்டயாலும் கலந்த ஒரு மொழியை நான்கு கிராமங்களில் இன்றும் பேசுகிறார்கள்.

1945ல் கொடி மாறியது. (தைவான் தலைநகருக்கு அன்று தைஹோகு என்று பெயர், நேதாஜியின் விமானம் விழுந்ததாகச் சொல்லும் அதே தைஹோகு.) வந்த சீனக் குடியரசு அரசாங்கம் ‘பழைய பெயரை மீட்டுத்தருகிறோம்’ என்று 1946ல் ஆணை போட்டது. சீன வம்சத்தவருக்கு அது உண்மையிலேயே மீட்பு. மலைவாசிக்கு? அவருக்குத் திரும்பிப்போகச் சீனப் பெயரே கிடையாது. எழுத்தர்கள் உட்கார்ந்து குடும்பப் பெயர்களை விநியோகித்தார்கள். அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு இன்னொன்று, சித்தப்பா வீட்டுக்கு மூன்றாவது. ஒரே ரத்தம் என்று தெரியாமல் சொந்தத்துக்குள் கல்யாணம் நடந்த அவலமும் பின்னாளில் வந்தது.

இது ஏன் இவ்வளவு குளறுபடி ஆயிற்று என்றால், படிவத்தில் ‘குடும்பப் பெயர், பெயர்’ என்று இரண்டு கட்டம்தான் உண்டு. அந்த மக்களின் பெயர் அப்படி அமைவதில்லை. அட்டயாலும் சேதிக்கும் தன் பெயரோடு தகப்பன் பெயரைச் சேர்ப்பார்கள், நம்மூர் இன்ஷியல் மாதிரி. மோனா ருதாவ் என்றால் ருதாவ் மகன் மோனா. பைவான்களுக்கு வீட்டுப் பெயர், புனுன்களுக்குக் குலப் பெயர். தாவ் மக்களில் இன்னும் வேடிக்கை: முதல் பிள்ளை பிறந்ததும் தகப்பன் பெயரே மாறி ‘இன்னாரின் அப்பா’ ஆகிவிடுவார், பேரன் பிறந்தால் ‘இன்னாரின் தாத்தா’. பிறந்ததிலிருந்து சாகும்வரை ஒரே பெயர் என்பது அரசாங்கத்தின் தேவை.

பெயரோடு சீருடையும் மாறியது. சம்பளமும் சீன மொழிப் படிப்பும் கிடைக்கும் என்று சொல்லி சீனக் குடியரசின் 62ஆம், 70ஆம் படைகள் தைவானில் ஆள் எடுத்தன. தாய்துங் பக்கத்து அமிஸ், பூயூமா இளைஞர்களும் அதில் சேர்ந்தார்கள். கொண்டுபோய் இறக்கியது சீன உள்நாட்டுப் போரில். பிடிபட்டவர்களில் பலர் எதிர்த்தரப்பான கம்யூனிஸ்டுகளின் மக்கள் விடுதலைப் படைக்கு மாறினார்கள். கொரியப் போர் வரை போனவர்களும் உண்டு. மூன்றாவது சீருடை, கூடவே இன்னொரு முத்திரை: மக்கள் சீனத்தின் 56 இனப் பட்டியலில் தைவான் பழங்குடிகள் அத்தனை பேரும் ‘உயர்மலை இனம்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் இன்றும் இருக்கிறார்கள். ஊரில் மிஞ்சிய தலைவர்களுக்கும் நல்ல காலம் இல்லை. தன்னாட்சி பேசிய சௌ தலைவர் உயோங்கு யதாவ்யுங்கனாவும் அட்டயால் மருத்துவர் லொசிங் வதானும் 1954 ஏப்ரல் 17 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார்கள். இருவருக்கும் ஆளுக்கு மூன்று பெயர்.

இனி பணம். 1952ல் சான்பிரான்சிஸ்கோ ஒப்பந்தம் அமலுக்கு வந்ததும் பழைய காலனி மக்களின் ஜப்பானியக் குடியுரிமை போயிற்று. அதே சமயத்தில் ஜப்பான் போரில் காயமுற்றோருக்கும் இறந்தோர் குடும்பத்துக்கும் உதவிச் சட்டம் போட்டு, படையினர் ஓய்வூதியத்தையும் மீண்டும் கொண்டுவந்தது. இரண்டிலும் நிபந்தனை: ஜப்பானியக் குடியுரிமை வேண்டும். சாகச் சொன்னபோது ஜப்பானியர், பென்ஷன் என்றபோது வெளிநாட்டவர். 1974ல் அத்துன் பலாலினுக்குக் கணக்குப் போட்டபோது நிலுவைச் சம்பளமும் திரும்பிவந்தோர் படியும் சேர்த்துச் சுமார் 68,000 யென் வந்தது. 30 வருடத்து நிலுவைச் சம்பளம் பழைய யென்னிலேயே நின்றுகொண்டிருந்தது, விலைவாசிக்கு ஏற்ப ஏற்றவில்லை. பத்திரிகைகள் கொதித்தபின்தான் நன்கொடையும் கருணைத்தொகையும் சேர்ந்தன. 1975 ஜனவரி 8 அன்று அவர் நேராகத் தைவானுக்கு அனுப்பப்பட்டார். யோகோய்க்கும் ஓனோதாவுக்கும் கிடைத்த டோக்கியோ வரவேற்பு இவருக்கு இல்லை.

1977ல் தைவான் முன்னாள் படையினரும் குடும்பத்தினருமாக 13 பேர் டோக்கியோவில் தலைக்கு 50 லட்சம் யென் கேட்டு வழக்குப் போட்டார்கள். 1982, 1985, 1992 என்று மூன்று படியிலும் தோற்றார்கள். ஆனால் வழக்கு கிளப்பிய சங்கடத்தில் 1987ல் சட்டம் வந்தது: இறந்தவர் குடும்பத்துக்கும் கடும் ஊனமுற்றவருக்கும் ஒரே தவணையாக 20 லட்சம் யென். கை கால் சேதமில்லாமல் திரும்பிவந்தவருக்கு ஒன்றும் கிடையாது. இங்கேதான் குன்சோகு கடிக்கிறது. ஊழியராக ஏறிய பெயர் பல சமயம் படைப்பட்டியலில் இராது, இறந்த இடமும் தேதியும் தெரியாது. இறந்ததை நிரூபிக்கும் பாரம் குடும்பத்தின் தலையில் விழும். படை அஞ்சலகச் சேமிப்பும் இன்னொரு தலைவலி. 1995 முதல் ஜப்பான் அதைப் பழைய தொகைக்கு 120 மடங்காகத் திருப்பித்தந்தது: 1,000 யென் போட்டவருக்கு 1,20,000 யென். அது போர்க்காலத்தில் பெரிய தொகை, 1995ல் ஒரு மாத வாடகை. பலர் வாங்க மறுத்தார்கள்.

குடும்பத்தைக் கேட்காமலே ஜப்பான் செய்த இன்னொரு காரியம், போரில் இறந்தவர்களைத் தெய்வமாக வணங்கும் டோக்கியோவின் யாசுகுனி கோயிலில் பெயர் ஏற்றியது. தைவான்காரர் சுமார் 28,000 பேர் அங்கே ‘தெய்வம்’. எலும்பு, சாம்பல் எதுவும் கிடையாது. இருப்பது பெயர்ப் பட்டியல், அதுவும் ஜப்பானியப் பெயரில். அட்டயால் வழிவந்த சட்டமன்ற உறுப்பினர் சிவாஸ் அலி தலைமையில் குடும்பங்கள் போய் ‘எங்கள் முன்னோரைத் திருப்பித் தாருங்கள்’ என்று கேட்டார்கள். ஒருமுறை சேர்ந்த ஆவியைப் பிரிக்க முடியாது என்பது கோயிலின் பதில். இவர்கள் போட்ட வழக்கில் 2005 செப்டம்பர் 30 அன்று ஒசாகா உயர்நீதிமன்றம் பிரதமர் கொய்சுமியின் யாசுகுனி வருகை அரசமைப்புக்கு முரண் என்றது. இழப்பீடு மட்டும் தரவில்லை.

எல்லாக் குடும்பமும் இப்படி நினைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாய்பேய்க்குத் தெற்கே வூலாயில், அட்டயால் பெண்மணி ஒருவரின் முயற்சியில் 1992ல் தகாசாகோ படையினருக்கு நினைவுச்சின்னம் எழுந்தது. 2006 பிப்ரவரியில் அதைப் புது இடத்தில் நிறுவியபோது ஜப்பானிய வாசகங்களும் கொடிகளும் கண்ணில் பட்டு, மாவட்ட நிர்வாகம் அகற்றக் கிளம்பியது. வழக்கு, மறைப்பு என்று இழுபறி. தகராறு கல்லில் இருந்த மொழியைப் பற்றி. இறந்தவர்களின் சொந்த மொழியைப் பற்றி இரண்டு தரப்பும் அதிகம் பேசவில்லை.

இன்று யாராவது தன் தாத்தாவைத் தேடப் புறப்பட்டால் வேலை இப்படிப் போகும். வாரிசு என்று காட்டித் தைவான் குடிப்பதிவு அலுவலகத்தில் ஜப்பானியக் கால நகலைக் கேட்டு வாங்கலாம். அதில் தாத்தாவின் சொந்தப் பெயர் கதகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்தில் இருக்கும். ஜப்பானியத்தில் ல, ர வேறுபாடு கிடையாது, ‘ன்’ தவிர வேறு மெய்யில் சொல் முடியாது. அதனால் ‘வாலிஸ்’ என்ற அட்டயால் பெயர் ‘வாரிசு’ ஆகியிருக்கும். (நம் காதுக்கு வேறு பொருள்!) அதே பெயர் சீன எழுத்தில் ‘வாலிசி’. இந்த மூன்றும் ஒரே ஆள் என்று தெரியாவிட்டால் தேடல் அங்கேயே நின்றுவிடும். அடுத்து ஜப்பானிய தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் ‘வீட்டில் இல்லாதோர் பட்டியல்’. அது படைப்பிரிவு வாரியாக அடுக்கியது, ஊர் வாரியாக அல்ல; பிரிவு தெரியாமல் போனால் கடலில் ஊசி. அந்தப் பட்டியல் முறையே 1944 இறுதியில்தான் வந்தது, ஆகவே 1942லும் 1943லும் பூனாவில் செத்தவர்களை அதில் பார்ப்பது அரிது. அவர்களுக்கு யாசுகுனியிடமே கேட்டு எழுத வேண்டும், சரியான ஜப்பானியப் பெயரோடு. கோயிலை எதிர்த்து வழக்குப் போடும் குடும்பத்துக்குக்கூட முதல் சான்று கோயில் தரும் கடிதம்தான்.

தைவானில் 1994ல் ‘மலைவாழ் உடன்பிறப்பு’ என்ற சொல் அரசமைப்பிலிருந்து போய் ‘ஆதிகுடி’ வந்தது. 1995 முதல் சொந்தப் பெயரைப் பதியலாம், ஆனால் சீன எழுத்தில். 2024ல்தான் சீன எழுத்தில்லாமல் ரோமன் எழுத்தில் மட்டும் பதிய இடம் கிடைத்தது. அத்துன் பலாலின் 1979 ஜூன் 15 அன்று நுரையீரல் புற்றுநோயால் இறந்தபோது அடையாள அட்டையில் இருந்தது லீ குவாங்ஹுய்.